வரிசை அறிதல்

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில், கவியரங்கத்துக்கும் நூல் வெளியீட்டுக்கும் நடுவே, சிலம்பக் கூடத்து மாணவர் படிநிலைகளைப் பற்றி ஓர் உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. அதற்குரிய விடை 'வரிசை' என்னும் ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது.

இன்று வரிசை என்றவுடன் நியாயவிலைக் கடை வாசலே பலர்க்கும் நினைவில் எழும். திருமண வீட்டில் அச்சொல் தாம்பாளமாகவும் பட்டாகவும் பாத்திரமாகவும் வந்து சேர்கிறது. கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் உரிமையும் வரிசைதான். அதன் பொருட்டு ஊர்கள் வழக்காடியிருக்கின்றன, வெட்டிக்கொண்டும் இருக்கின்றன. இசை பயிலும் குழந்தைக்குச் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் முதற்பாடங்கள். சிலம்பம் பயிலும் சிறுவனுக்குச் சலாம் வரிசை, அடிவரிசை, குத்துவரிசை. நிரல்பட அடுக்குதல், மதிப்புச் செய்தல், பாடம் என்னும் மூன்று பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பது மொழியின் விளையாட்டு என்று விட்டுவிடத் தோன்றும். சிலம்பக் கூடத்துக்குள் சென்று பார்த்தால் அம்மூன்றும் அங்கே ஒன்றாகவே வாழ்வது விளங்கும். கற்ற பாடம் எதுவோ அதற்கேற்ப மாணவன் நிற்கும் இடம். நிற்கும் இடத்துக்கேற்ப அவன் பெறும் மதிப்பு.

புறநானூற்றின் 121ஆம் பாட்டில் கபிலர், மலையமான் திருமுடிக்காரியிடம் ஒரு குறையை எடுத்துரைக்கிறார். அள்ளிக் கொடுப்பது அவனுக்கு எளிது. வந்தவருள் எவர் எத்தகையர் என்று அறிவதுதான் அரிது. ஆகவே புலவர் எல்லாரையும் ஒரே பார்வையால் பார்ப்பதை விட்டுவிட வேண்டும் என்பது பாட்டின் கருத்து. பரிசில் பெறச் சென்ற இடத்தில் கொடுப்பவனுக்கே பாடம் சொல்லும் துணிவு கபிலருக்கு உரியது. அங்கே தகுதி அறிதலுக்கு அவர் ஆளும் சொல்லும் வரிசையே. கபிலர் கேட்ட அந்தப் பார்வையைச் சிலம்ப ஆசான்கள் எவ்வாறு பழகி வைத்திருந்தனர், இன்று அதற்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பனவே இவ்வுரையின் பொருள்.

இளையரசனேந்தல் அமைந்துள்ள கரிசல் மண்ணில் கம்பு வெறும் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. பாளையமாக இருந்து பின் ஜமீனாகி, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்நிலையும் மாறிய ஊர் இது. கோவில்பட்டி ஒருபுறம், சங்கரன்கோவில் மறுபுறம். புலித்தேவரின் நெற்கட்டும்செவலும் இவ்வட்டாரத்ததே. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது, பானர்மன் பிற பாளையக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டே அதைச் செய்தான். கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் எழுந்து மறுபடியும் வீழ்ந்தபின், அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்த பிரகடனம் ஆயுதம் தாங்கும் வழக்கத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது. வேலும் வாளும் துப்பாக்கியும் போயின. மாடு மேய்ப்பவன் கையிலும் வழிநடைப் பயணி கையிலும் காவற்காரன் கையிலும் இருந்த கம்பை எந்த அரசாலும் பறிமுதல் செய்ய இயலவில்லை. தென்பாண்டிச் சீமையில் படைக்கலப் பயிற்சி எஞ்சி நின்றது பெரும்பாலும் கம்பின் வடிவில்தான்.

அந்தப் போரில் பங்குகொண்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலிற் கற்பித்தவர் சின்ன மருது என்று பதிந்திருக்கிறார். 1795இல் கற்றது; ஆறாண்டு கழித்து ஆசானுக்கு எதிராக அணிவகுத்து வந்த படையில் மாணவர் இருந்தார். 1801 அக்டோபர் 24இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். யாருக்குக் கற்பிப்பது என்பதில் ஆசான்கள் பின்னாளில் காட்டிய கடுமைக்கு இப்படிப்பட்ட அனுபவங்களும் காரணமாக இருந்திருக்கலாம்.

சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ள அன்பர்களுக்கு ஒரு செய்தி. சிலம்புதல் என்றால் ஒலித்தல். மலைக்கும் காலணிக்கும் அப்பெயர் வந்ததற்கு எதிரொலியும் பரலோசையும் காரணம் என்பர். சுழலும் கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசையே சிலம்பத்துக்குப் பெயர் தந்தது என்னும் விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. தெலுங்கில் இக்கலைக்குக் கர்ர சாமு என்று பெயர். அந்தச் சாமுவும், தமிழகராதிகள் படைக்கலப் பயிற்சி எனப் பொருள் தரும் சிரமம் என்னும் சொல்லும் உறவுடையவை. பாதிரிமார் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதிகள் சிலம்பத்துக்கு 'ஃபென்சிங்' என்றே பொருள் எழுதின. வாள்வீச்சுக்கு ஐரோப்பாவில் வழங்கும் சொல் அது. கம்புக்குள் வாள் ஒளிந்திருப்பதை அவர்கள் கண்டுகொண்டனர் போலும்.

இனிக் கூடத்துக்குள் செல்லலாம். கூடம் என்றாலும் கட்டடம் இருக்கவேண்டியதில்லை. அறுவடை முடிந்த களத்துமேடு, கண்மாய்க்கரை, கோயில் பொட்டல் எதுவும் ஆகலாம். கற்பிப்பவரை வாத்தியார் என்றும் ஆசான் என்றும் அண்ணாவி என்றும் தென்மாவட்டங்களில் அழைப்பர். வெற்றிலை பாக்கும் தேங்காயும் ஒரு சிறு காணிக்கையும் வைத்து வணங்கிய நாளிலிருந்து பையன் மாணவன். ஆனால் அவன் கையில் கம்பு வராது. தரையைக் கூட்டுவான், புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பான், மூத்தவர்களின் கம்புகளுக்கு எண்ணெய் தடவுவான். பிறகு கால் வைக்கக் கற்பான். முன்வைத்த காலைப் பின்னெடுப்பது, பக்கவாட்டில் மாற்றுவது, பாதத்தின் எப்பகுதியில் திரும்புவது என்று வெறுங்கையோடு அலைவான். காலடிப் பாடம் எனப்படும் இதற்கு இத்தனை நாள் என்னும் கணக்கில்லை. ஒருவனுக்கு ஒரு மாதம், இன்னொருவனுக்கு ஒரு பருவம். நின்றுவிடுபவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் நின்றுவிடுகிறார்கள். ஆசான் அவர்களைத் துரத்துவதில்லை, சும்மா இருந்துவிடுகிறார். சலிப்புத்தான் முதல் தேர்வு.

கம்பு கொடுக்கப்படும் நாள் மாணவனின் வாழ்வில் பெரிய நாள். வெறுங்காலோடு நிமிர்ந்து நின்றால் கம்பின் முனை நெற்றியை எட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. வளர்ந்த ஆளுக்கு ஐந்தரை அடி அளவில் வரும். வளரும் பையனுக்கு இந்த அளவு நிலையாக இராது. ஆண்டுதோறும் கம்பை மாற்றியாக வேண்டும். பையனின் தகப்பனார் கவனிக்காத வளர்ச்சியை ஆசான் கவனித்து, பழைய கம்பை வாங்கி அடுத்து வந்த சின்னவனிடம் தருவார். மூங்கிலோ பிரம்போ, கை பல மாறி வழவழப்பேறிய கம்புக்குத் தனி மதிப்பு.

பிறகு வீச்சு. ஒரு கையால், இரு கையால், முன்னே, பின்னே, தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால் கம்பு சுழல வேண்டும். ஆசான் இப்போது கண்ணைவிடக் காதையே நம்புவார். மணிக்கட்டு இறுகினால் ஓசை கெடும். கால் பிந்தினாலும் ஓசை கெடும். திண்ணையில் படுத்தபடியே 'இடது கால்' என்று குரல் கொடுக்கும் ஆசான்களைப் பற்றி ஊருக்கு ஊர் கதை உண்டு. யாப்புத் தெரிந்தவர்கள் இதை நன்குணர்வர். தளை தட்டுவதைச் சீர் பிரித்துப் பார்க்குமுன்பே காது சொல்லிவிடுகிறது.

வீச்சு கைவந்தவனுக்கு வரிசைகள் தொடங்கும். அடிக்கும் தடுப்புக்கும் குத்துக்கும் வாரலுக்கும் உரிய அசைவுகளைக் கோத்த கோவைகள் இவை. பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், கள்ளன் கம்பு, பனையேறி மல்லு, நாகத்தின் பெயர் தாங்கிய பலவகைகள் என்று அவற்றைச் சொல்லும்போதே ஒரு நாட்டுப்புறக் கவிதை கேட்பது போல் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு பாடம் இருப்பதும், ஒரே பாடத்துக்கு இரண்டு பெயர் இருப்பதும் சுவடிப் பாடவேறுபாட்டை ஒத்தன. தொகுத்துப் பதிப்பிக்க ஓர் உ.வே.சா. இந்தத் துறைக்கு வாய்க்கவில்லை.

எல்லா வரிசையும் தனியே ஆடியவன், எதிரே ஓர் ஆள் கம்போடு நிற்கும்போது மறந்துபோவான். ஆகவே எதிர்க்கம்பு பிடிப்பது ஒரு தனிப்படி. முதலில் மூத்த மாணவன் ஒருவனோடு நிறுத்துவார்கள். அவன் அளந்து அடிப்பான். சில சமயம் அடி வாங்கியும் கொள்வான். சின்னவனுக்கு நம்பிக்கை வரவேண்டுமே! பெரியவனுக்கும் இதில் ஒரு சோதனை உண்டு. சின்னவன் தற்செயலாகத் தொட்டுவிட்டான் என்று சினந்து ஓங்கி அடிப்பவன் எத்தனை வரிசை தெரிந்தவனானாலும் ஒரு படி இறக்கப்படுவான். இறக்கப்பட்டான் என்று யாரும் அறிவிப்பதில்லை. மறுநாள் ஆசான் அவனை யாரோடு நிற்கச் சொல்கிறார் என்பதிலிருந்து எல்லாரும் தெரிந்துகொள்வார்கள். கூடத்தின் படிநிலை முழுவதும் இப்படித்தான் எழுதப்படாமல் எழுதப்பட்டிருந்தது. யார் முதலில் வணங்குவது, யார் கம்பை யார் எடுத்து வைப்பது, யாரை யாரோடு மோத விடுவது என்பவையே மாணவனுக்குக் கிடைக்கும் பட்டங்கள். ஆசான் மோவாயை அசைத்துக் காட்டினால் போதும்.

அதற்கு மேல் கருவிகள். இரட்டைக் கம்பு, மான்கொம்பு, வாளும் கேடயமும், கடைசியில் சுருள்வாள். சுருள்வாளைத் தவறாக வீசினால் அது எதிரியிடம் போவதில்லை; வீசியவன் முகத்துக்கே திரும்பி வருகிறது. அதை ஒருவன் கையில் கொடுப்பது அவன் திறமைக்கு மட்டுமன்றி நிதானத்துக்கும் ஆசான் அளிக்கும் சான்று. இந்த நிலையில் உள்ள மாணவன் சின்னவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்குவான். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை இவனோடு ஒப்பிடலாம். வர்மம் இன்னும் அப்பால் இருக்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களைக் கூறும் அந்தக் கல்வி குமரி மாவட்டத்து ஆசான் மரபுகளில் ஆழமாக வேரூன்றியது. பன்னிரண்டு ஆண்டு மாணவனைப் பார்த்த பின்பே சொல்லித் தரவேண்டும் என்பது அங்கு வழிவழியாக வரும் பேச்சு. அங்கும் ஒரு நிரல் உண்டு. வீழ்த்தும் இடத்தைச் சொல்பவர், வீழ்ந்தவனை எழுப்பும் அடங்கல் முறையையும் தடவு முறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எழுப்பத் தெரியாதவன் அடிக்கக் கற்றது பாதிப் படிப்பு.

ஊர்க் கொடைவிழாவில் நடக்கும் அரங்கேற்றத்தில்தான் ஊர் இதைக் காணும். முதலில் சலாம் வரிசை. தெய்வத்துக்கு, ஆசானுக்கு, அவைக்கு என்று கம்போடு செய்யும் வணக்கம் அது. சலாம் என்னும் சொல் பிற்காலத்தது. வணங்கும் முறையோ அதற்கும் முந்தியதாகலாம். பிறகு வீச்சு, பிறகு எதிர்க்கம்பு. கம்பின் முனையில் சாயம் தோய்த்து உடம்பில் எத்தனை இடம் தொட்டது என்று எண்ணுவதும், நெற்றியில் நோகாமல் தொட்டு எடுக்கும் 'பொட்டு வைத்த'லும் உண்டு. கூட்டத்தில் பக்கத்து ஊர் ஆசான்கள் கைகட்டி நிற்பார்கள். மாணவனின் கால் பிசகினால் அவர்கள் மாணவனைப் பார்ப்பதில்லை. திரும்பி அவனுடைய ஆசானைப் பார்ப்பார்கள். தேர்வு எழுதுபவர் உண்மையில் யார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்துவிடும்.

இத்தனை பெரிய இடம் ஆசானுக்கு இருந்தும் இலக்கியத்தில் அவர் முகம் தெரிவதில்லை என்பது வியப்பு. புறநானூற்று 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒரு மறவனை உருவாக்கும் கடமைகளைப் பங்கிட்டுத் தருகிறார். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, இளைஞனுக்கு ஒன்று. வேல் வடித்தவன் இருக்கிறான். வேல் பிடிக்கச் சொல்லித் தந்தவன் இல்லை. வேந்தனின் கடமையைக் குறிக்கும் சொல்லில் 'நன்னடை' என்றும் 'தண்ணடை' என்றும் பாடவேறுபாடு உண்டு. தண்ணடை என்றால் மருதநிலம். நன்னடை என்று கொண்டு அதற்குப் பயிற்சியென விரித்துப் பொருள் கண்டால், ஆசான் அந்த ஒரு சொல்லின் நிழலில் நிற்பதாகக் கொள்ளலாம். வலிந்து கொண்ட பொருள் என்று பதிப்பாசிரியர்கள் மறுக்கவும் கூடும்.

வெளியுலகில் இதற்கு இணை தேடினால், இங்கிலாந்தில் நல்ல சான்று கிடைக்கிறது. 1540இல் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணை பெற்ற இலண்டன் வாளாசிரியர் குழுவில் நான்கு படிகள் இருந்தன: ஸ்காலர், ஃப்ரீ ஸ்காலர், ப்ரொவோஸ்ட், மாஸ்டர். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்ல விரும்புபவன் ஊரறிய அறிவிப்பு ஒட்டி, மேடையேறி, குழுவில் அந்நிலைக்குரியவர்கள் ஒருவர்பின் ஒருவராக வர, பலவகைப் படைக்கலங்களோடு அவர்களை எதிர்கொள்ள வேண்டும். அந்தக் குழுவின் கையெழுத்துப் பதிவேடு இன்றும் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதற்கு முன்பே 1487இல் மூன்றாம் ஃபிரெட்ரிக் பேரரசர் ஜெர்மனியின் மார்க்ஸ் சகோதரர் குழுவுக்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். பிராங்க்ஃபர்ட் சந்தை கூடும் காலத்தில் அங்கே ஆசிரியர் பட்டத்துக்குத் தேர்வு நடந்தது. வென்றவனுக்கு மட்டும் குழுவின் மறைபாடங்கள் சொல்லப்பட்டன. கொடைவிழாவும் சந்தையும், பொட்டலும் மேடையும், வர்மமும் மறைபாடமும் தம்முள் எவ்வளவு ஒத்திருக்கின்றன! இன்று நகரங்களில் சிலம்ப ஆசானையும் மாணவர்கள் 'மாஸ்டர்' என்றே அழைப்பது தற்செயலான பொருத்தம்.

ஐரோப்பிய மரபு இடையில் அறுந்துபோயிற்று. வாள் வழக்கொழிந்தபோது ஆசிரியர்களும் மறைந்தனர். நூல்கள் மட்டும் எஞ்சின. 1570இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோவாக்கிம் மையர் வெளியிட்டது போன்ற படங்களுடன் கூடிய வாள்வீச்சு நூல்களைப் படித்து, சொல்லுக்குச் சொல் வாதிட்டு, சென்ற நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆர்வலர்கள் அக்கலையை மீட்டு வருகின்றனர். அவர்களுக்கு ஏற்பட்ட முதற்சிக்கல்களுள் ஒன்று படிநிலை. ஆசானே இல்லாத இடத்தில் யார் யாருக்குப் பட்டம் தருவது? சில கழகங்கள் பழைய இலண்டன் பெயர்களை மறுபடி எடுத்துக்கொண்டன. சில, பட்டமே வேண்டாம், போட்டியில் தெரியட்டும் என்று விட்டன. அங்கே நூல் இருந்தது, ஆசான் இல்லை. தமிழகத்தில் ஆசான் இருக்கிறார். ஏட்டில் ஏறியது மிகச் சிறிது. இரண்டில் எது பெரிய இழப்பு என்று இப்போதே சொல்லிவிட முடியாது. ஆசான்கள் முதுமையடைந்து வருகின்றனர் என்பதை மட்டும் சொல்லலாம்.

இனி இடுப்பு வார்கள். சிலம்பக் கூடங்கள் பலவற்றில் இன்று மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என வார்கள் கட்டப்படுகின்றன. தொன்மையான தமிழ் வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். 1882இல் ஜப்பானில் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, 'கோ' என்னும் பலகை விளையாட்டில் வழங்கிய 'டான்' படிமுறையைத் தம் ஜூடோவுக்கு எடுத்துக்கொண்டார். கறுப்பு வார் அதன் பின்வந்த அடையாளம். வண்ண வண்ண வார்கள் ஐரோப்பாவில் பரவியது 1930களில், பாரிசில் கற்பித்த கவாய்ஷி என்னும் ஆசிரியர் வழியாக. மேலைநாட்டு மாணவர்களுக்குப் பொறுமை குறைவு, அடிக்கடி ஒரு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். கராத்தே வகுப்புகளோடு தமிழகத்துக்கு வந்த அந்த வார், பிள்ளைகளை இழந்துவிடக் கூடாதென்று அஞ்சிய சிலம்ப ஆசான்களின் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அவர்களைப் பழிக்க இயலாது. காலடிப் பாடத்தில் மூன்று மாதம் நின்ற பிள்ளையின் தாய், 'பக்கத்து வீட்டுப் பையன் பச்சை பெல்ட் வாங்கிவிட்டானே' என்று கேட்டால் ஆசான் என்ன விடை சொல்வார்?

வாரைவிட வலிமையானது சான்றிதழ். சிலம்பம் 2021இல் தமிழக அரசுப் பணிகளுக்கான 3 விழுக்காட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம்பெற்றது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக ஏறியது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு. ஒற்றைக் கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு வீச்சு, சுருள்வாள், மான்கொம்பு, எடைப்பிரிவு வாரியான தொடுமுறைச் சண்டை என்று பிரிவுகள் வகுக்கப்பட்டுவிட்டன. கரிசல் காட்டில் மழையை நம்பி வாழும் ஒரு குடும்பத்துப் பெண் கம்பு சுழற்றி அரசுப் பணிக்குப் போகக்கூடும் என்பது சிறிய செய்தியன்று. ஜமீன் காலத்தில் கம்பு பிடித்தவனுக்குக் கிடைத்தது காவல் வேலை.

ஆயினும் பணி தரும் தாளுக்குச் சந்தை உருவாவதும் இயல்பு. சங்கங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை, ஒரு கட்டணம். ஒரே நாளில் மூன்று படி ஏற்றும் முகாம்களும் நடக்கின்றன. உலக சாதனை என்று பெயரிட்டு, நூற்றுக்கணக்கான குழந்தைகளை வெயிலில் நிறுத்திக் கம்பு சுற்றவைத்து, எல்லார் கையிலும் ஒரே அளவில் அச்சிட்ட தாளைத் தந்து அனுப்புகின்றனர். கம்பு சுற்றிய குழந்தையின் பெயரைக் கூட எழுதாமல் கோடிட்டு விட்ட இடம் ஒன்று அதில் இருக்கும். வீட்டில் போய் நிரப்பிக்கொள்ளலாம். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்ற பழமொழிக்குப் புதுப்பொருள் கிடைத்திருக்கிறது.

பெருஞ்சித்திரனார் இங்கே நினைவுக்கு வருகிறார். புறநானூற்று 208ஆம் பாட்டின் சூழல் அவையோர் அறிந்ததே. அதியமான் நெடுமான் அஞ்சியை நாடி குன்றுகளும் மலைகளும் கடந்து சென்ற புலவருக்கு, அவன் நேரில் காணாமலே பரிசிலை அனுப்புகிறான். அவர் ஏற்கவில்லை. தம்மை வணிகர் என்று எண்ணிவிட்டானோ என்று கேட்கிறார். தம் தகுதியறிந்து தருவதாயின் தினையளவு தந்தாலும் இனியதே என்கிறார். வறுமையில் உழன்ற புலவர் அவர் என்பதை அவருடைய பிற பாட்டுகள் சொல்லும். பரிசில் வேண்டாம் என்பதன்று அவர் கருத்து. தம்மைப் பார்த்த பிறகு கொடு என்கிறார். முகாமில் தாள் வாங்கும் பிள்ளைக்கு இந்த வழக்கைத் தொடுக்கத் தெரியாது.

பழைய கூடத்தை மட்டும் புகழ்ந்து முடித்தால் அது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். யார் களத்தில் இறங்கலாம் என்பதைப் பல ஊர்களில் திறமைக்கு முன்பே சாதி முடிவு செய்திருந்தது. ஒரு தெருவின் கூடத்தில் மறுதெருப் பையனுக்கு இடமில்லை. இடம் கிடைத்தாலும் எதிர்க்கம்பு பிடிக்கும்போது அவனுக்கு விழும் அடி வேறு. பெண்களுக்குப் பெரும்பாலும் வாசலே இல்லை. வேலு நாச்சியார் படைக்கலம் பயின்றவர் என்று பெருமை பேசிய ஊர்களே தம் பெண்மக்கள் கையில் கம்பு கொடுக்கவில்லை. ஆசானின் பார்வை நேர்மையாக இருந்த இடத்தில் அதைவிடச் சிறந்த தேர்வு இல்லை. அது கோணலாக இருந்த இடத்தில் மேல்முறையீட்டுக்கு வழியும் இல்லை. மனத்தாங்கலால் ஒரு வரிசையைச் சொல்லாமலே இறந்துபோன ஆசான்களின் கதை எல்லாக் கலைகளிலும் உண்டு. இன்று மாலைதோறும் பள்ளித் திடல்களில் பெண்பிள்ளைகள் கூட்டமாகக் கம்பு சுழற்றுகிறார்கள் என்றால், அந்தக் கதவைத் திறந்ததில் போட்டிக்கும் சான்றிதழுக்கும் பங்குண்டு. சென்னையில் பிறந்த பவானி தேவி, 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் இந்தியாவின் முதல் போட்டியாளராகக் களமிறங்கினார். முகமறியாத நடுவர்களும் மின்கருவியும் புள்ளி எண்ணும் விளையாட்டு அது. தெருவும் குலமும் அங்கே கேட்கப்படுவதில்லை.

ஆகவே சிக்கல் தாளில் இல்லை. தாளில் கையெழுத்திடுபவர் அந்த மாணவனை எத்தனை நாள் பார்த்தார், அவன் எதிரே கம்பு பிடித்து ஒருமுறையேனும் நின்றாரா என்பதில் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் வீச்சுக்கு இடமுண்டு, வேகத்துக்கு இடமுண்டு, சின்னவனிடம் அடி வாங்கிச் சிரித்தவனுக்கு இடமில்லை. கூடத்தில் ஒருவனை ஏற்றியதும் இறக்கியதும் பெரும்பாலும் அந்தக் கடைசிச் செய்தியால்தான். அதை ஒரு நாள் போட்டியில் அளக்க முடியாது. மாவட்ட அளவில் நடக்கும் தேர்வுகளில், மாணவனின் சொந்த ஆசான் எழுதும் பயிற்சிக் குறிப்பையும், வேற்றூர் ஆசான் ஒருவரோடு எதிர்க்கம்பு பிடிப்பதையும் சேர்த்துக்கொண்டால் பார்வையும் வரும், ஒருதலைச் சார்பும் குறையும். இலண்டன் குழுவினர் செய்ததும் கொடைவிழாப் பொட்டலில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே.

கவிஞர்கள் தம் வீட்டு நிலையையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். சாதனைக்கெனக் கூட்டும் கவியரங்குகளும், கட்டணம் செலுத்தியோர்க்கெல்லாம் வழங்கப்படும் மதிப்புறு முனைவர் பட்டங்களும், ஒரே வாசகத்தில் அச்சிட்ட விருதுப் பலகைகளும் இலக்கிய உலகிற்குப் புதியன அல்ல. முதல் தொகுப்பு வெளிவருமுன் 'கவி' அடைமொழியோடு அழைப்பிதழில் பெயர் ஏறிவிடுகிறது. காலடிப் பாடம் எப்போது நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெயர் அறியாத அமைப்பு அஞ்சலில் அனுப்பிய விருதைத் திருப்பி அனுப்பியவர் எத்தனை பேர் என்று எண்ணினால் பெருஞ்சித்திரனார் தனியாக நிற்பது தெரியும்.

மாதந்தோறும் கூடிக் கவிதையை எழுதியவர் முன்னிலையிலேயே படித்து, இந்த அடி நிற்கவில்லை, இந்தச் சொல் பிந்துகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லும் அமர்வுகள் எதிர்க்கம்புக்கு ஒப்பானவை. அங்கும் மூத்தவர் அளந்து அடிக்க வேண்டும். இளையவரின் கவிதை தம்முடையதைவிட நன்றாக அமைந்த நாளில் அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். மிகையான பாராட்டால் கெட்ட கவிஞர்களும், முதல் அடியிலேயே முறிக்கப்பட்டுப் பேனாவைக் கீழே வைத்தவர்களும் எல்லா வட்டங்களிலும் உண்டு.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். இளையரசனேந்தலைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கம்பு கற்பித்த பெரியவர்கள் சிலரேனும் இன்னும் இருப்பார்கள். அவர்கள் அறிந்த வரிசைகளின் பெயர், ஒவ்வொன்றின் காலடி, யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார் என்னும் வழிமுறை ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே ஒலிப்பதிவும் காட்சிப்பதிவும் செய்யலாம். தமிழ் தெலுங்கு இருமொழியிலும் வழங்கும் சொற்களைக் குறித்துக்கொண்டால் அகராதிக்கும் அது பயன்படும். கவிஞர்கள் ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டால் ஓராண்டு போதும். கொடைவிழாக் காலத்தில் தொடங்குவது நல்லது. ஆசான்கள் அப்போதுதான் ஒரே இடத்தில் கூடுகிறார்கள், பேசவும் விரும்புகிறார்கள். பதினோராம் ஆண்டு மலரில் அந்தப் பெயர்ப் பட்டியல் முதற்பக்கத்தில் வரட்டும். ஆசான்களை எந்த நிரலில் அடுக்குவது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.